மூத்திரத்தில் இரத்தமும் உயிரணுப் பரிசோதனையும்



இன்று நாம் பேசப்போகும் விஷயம் பொதுக் கூட்டங்களில் சாதாரணமாக யாரும் பேசாத விஷயமாகும். அதாவது மூத்திரத்தைப் பற்றியும், அதில் காணும் இரத்தத்தைப் பற்றியும், அதைக் கொண்டு ஓர் அபூர்வமான புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் முறையைப் பற்றியுமேயாகும். இதைக் கேட்டவுடன் சிலர் முகத்தைச் சுளிக்கலாம், சிலர் சிரிக்கலாம். அதில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் இந்தச் சுளிப்பும் சிரிப்பும்தான் அனேகரைச் சுடுகாட்டுக்குச் சீக்கிரத்தில் அனுப்பிவைக்கின்றன என்பதை மாத்திரம் முதலிலேயே சொல்லிவிட விரும்புகின்றோம்.

ஏனென்றால், தலைவலி வந்தால் பத்துப் பேரிடம் சொல்லுகிற மனிதன், மூத்திரத்தில் இரத்தம் வந்தால் தன் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லுவதில்லை. பெண்களோ அதைவிட மோசமான நிலையில் இருக்கின்றார்கள். தங்களுக்கு வந்த இரத்தம் தூரத்து இரத்தமா, மூத்திரத்து இரத்தமா என்று யாரிடமும் கேட்கவும் அவர்களால் முடிவதில்லை. கேட்டாலும், "நீர்க்கடுப்பாக இருக்கும், போ" என்று சொல்லி மருந்து கொடுத்து மாதக் கணக்கில் காலம் கடத்தப்படுகின்றது. இந்த வியாதி ஆண்களுக்கே அதிகமென்றாலும், பெண்களுக்கு வரும்போது காலங்கடந்தே கண்டுபிடிக்கப்படுவதாக வைத்தியர்கள் சொல்லுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

தானாக நிற்கும் இரத்தம்

ஐம்பத்தைந்து, அறுபது வயதுள்ள ஒரு குடியானவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பீடியோ சுருட்டோ முப்பது வருஷமாகக் குடித்து வருகிறவர். ஒருநாள் காலையில் அவருக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகின்றது. வலியில்லை, காய்ச்சலில்லை, எரிச்சலுமில்லை. பயந்து போகிறார். யாரோ ஒருவர் "உடம்புச் சூடு" என்கிறார். இளநீர் குடிக்கிறார், வெந்தயம் ஊறவைத்துச் சாப்பிடுகிறார். இன்னொருவர் சொல்லக் கேட்டு ஒரு தாயத்தும் கட்டிக்கொள்ளுகிறார்; குலதெய்வத்துக்கு ஒரு கிடாயும் நேர்ந்துகொள்ளுகிறார். மூன்றாம் நாள் இரத்தம் நின்றுபோகின்றது. உடனே இளநீர் கொடுத்தவர் இளநீரால் நின்றது என்கிறார். தாயத்துக் கொடுத்தவர் தாயத்தால் நின்றது என்கிறார். பூசாரி, சாமியால் நின்றது என்கிறார். குடியானவரும் கிடாயை வெட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்.

தோழர்களே! இதில் உண்மை என்னவென்றால், இந்த இரத்தம் யாரும் ஒன்றும் செய்யாவிட்டாலும் தானாகவே நின்றிருக்கும். மூத்திரப்பையில் உண்டாகும் புற்று, விட்டுவிட்டு இரத்தம் கசிவது அதன் வழக்கம். இரண்டு நாள் கசியும், இரண்டு மாதம் சும்மா இருக்கும், மறுபடியும் கசியும். ஆகவே, நின்றது இரத்தமே தவிர, வியாதியல்ல. வியாதி உள்ளேயிருந்து வளர்ந்துகொண்டே போகின்றது. இளநீர் குடிப்பதால் கெடுதியொன்றும் இல்லை. கெடுதியெல்லாம், அதனால் குணமாயிற்று என்று நம்பி அடுத்த நான்கு மாதத்தை வீணாக்குவதில்தான் இருக்கின்றது. ஒரு காரியத்துக்குப் பின்னால் மற்றொன்று நடந்தால், முன்னதால்தான் பின்னது நடந்தது என்று பரீட்சை செய்யாமலே முடிவு கட்டுவதற்கு, இதைவிட நல்ல உதாரணமோ, இதைவிட ஆபத்தான உதாரணமோ சொல்ல முடியாது.

இந்த வியாதி எப்படி வருகின்றது?

"எல்லாம் தலைவிதி" என்று சொல்லுகிறவர்களுக்கு ஒரு சரித்திரம் சொல்லுகின்றோம். ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்தில் லுட்விக் ரென் என்ற அறுவை வைத்தியர் ஒருவர் இருந்தார். அவரிடம் மூத்திரப்பைக் கட்டியோடு வந்த சிலர் ஒரேவிதமான சாயத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களாக இருந்ததை அவர் கவனித்தார். 1895-ம் வருஷத்தில் அதை வைத்தியர்கள் கூடிய சபையில் எடுத்துச் சொன்னார். தலைவிதியாயிருந்தால், அது ஏன் சாயப் பட்டறைக்காரனைத் தேடிப் பிடித்து அவன் மூத்திரப்பையில் போய் எழுதவேண்டும்? நெசவுக்காரனையும் மாவு மில்காரனையும் ஏன் விட்டுவிட வேண்டும்? இதை யோசித்தாலே போதும், விதியின் யோக்கியதை விளங்கிவிடும்.

பிறகு 1938-ல் அமெரிக்காவில் ஹூப்பர் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும், சாயத் தொழிலில் உபயோகப்பட்ட இரண்டு-நாப்தைலமின் என்ற சரக்கை நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, நாய்களுக்கும் மூத்திரப்பைக் கட்டி உண்டாயிற்று. 1954-ல் இங்கிலாந்தில் கேஸ் என்பவரும் அவருடன் சேர்ந்தவர்களும் சாயத் தொழிலாளிகளின் மரணக் கணக்குகளை எடுத்துப் பார்த்து, அவர்களுக்கு இந்த வியாதி மற்றவர்களைவிட எத்தனையோ மடங்கு அதிகமென்று ருசுப்படுத்தினார்கள். அதே சரக்கு புகையிலைப் புகையிலும் இருக்கின்றது. புகைத்த விஷம் நெஞ்சிலிருந்து இரத்தத்துக்குப் போகின்றது. சிறுநீரகம் அதை வடிகட்டி மூத்திரப்பைக்கு அனுப்புகின்றது. அங்கே மணிக்கணக்கில் தேங்கி நின்று, பையின் உள்தோலை நனைத்துக்கொண்டே இருக்கின்றது. வாயில் வைத்த பீடியின் பலன் அடிவயிற்றில் தோன்றுவது இப்படித்தான். 2022-ம் வருஷக் கணக்குப்படி உலகத்தில் ஒரு வருஷத்துக்குச் சுமார் 6 லட்சம் பேருக்கு மூத்திரப்பைப் புற்று புதிதாக உண்டாகின்றது. அவர்களில் சுமார் பாதிப் பேருக்கு அது புகையிலையினால் வந்ததென்று மதிப்பிட்டிருக்கின்றார்கள்.

உதிரும் அணுக்களே சாட்சி

நிற்க, வியாதி உள்ளே இருக்கின்றதா இல்லையா என்று வயிற்றைக் கிழிக்காமல் எப்படித் தெரிந்துகொள்ளுவது? சுவரில் பூசிய சுண்ணாம்பு மெல்ல உதிருவதுபோல், மூத்திரப்பையின் உள்தோலிலிருந்து உயிரணுக்கள் எப்போதும் உதிர்ந்து சிறுநீரோடு வந்துகொண்டே இருக்கின்றன. நல்ல அணுக்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கும். ஆகையால் கொஞ்சமாகவே உதிரும். புற்றணுக்களுக்கு அந்தப் பிடிப்புக் குறைவு. ஆகையால் தாராளமாக உதிரும். எனவே, நாம் அசிங்கமென்று கருதிக் கொட்டிவிடும் அந்தத் தண்ணீரிலேயே வியாதியின் சாட்சி மிதந்து வருகின்றது. பார்க்கத் தெரிந்தவர் வேண்டும், அவ்வளவுதான்.

பிராக் நகரத்தைச் சேர்ந்த லாம்பிள் என்ற வைத்தியர் 1856-லேயே சிறுநீரை மைக்கிராஸ்கோப் என்னும் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்து, மூத்திரப்பைப் புற்றின் அணுக்களைப் பற்றி எழுதினார். ஆனால் அது ஒரு முறையாக நிலைபெறுவதற்கு ஏறக்குறைய தொண்ணூறு வருஷம் பிடித்தது. அதைச் செய்தவர் ஜார்ஜ் பாப்பனிக்கலாவு என்ற கிரேக்கர். இவர் 1883-ல் பிறந்தவர். 1913-ல் மனைவியோடு அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவர். ஆரம்பத்தில் கடைச் சிப்பந்தியாகக்கூட இருந்து, பிறகு நியூயார்க்கில் ஓர் ஆராய்ச்சிச் சாலையில் இடம் பிடித்தார். உதிர்ந்த அணுக்களைப் பார்த்தே கர்ப்பப்பைப் புற்றைச் சொல்லிவிடலாம் என்று 1928-ல் அவர் சொன்னபோது, அதை மதித்துக் கேட்டவர் அதிகமில்லை. சதையை அறுத்தெடுத்துப் பார்ப்பதிருக்க, உதிர்ந்த குப்பையைப் பார்ப்பானேன் என்பது அப்போதைய வைத்தியர்களின் எண்ணம். அவர் அதற்காகச் சண்டைக்கும் போகவில்லை; மனம் உடைந்து விட்டுவிடவுமில்லை. மேலும் மேலும் பார்த்தார்; எழுதி வைத்தார். அவருடைய மனைவி ஆந்திரோமாக்கி, வருஷக் கணக்கில் தம்முடைய உடம்பிலிருந்தே அணுக்களைக் கொடுத்து அந்த ஆராய்ச்சிக்கு உதவினார். தம் பெயருக்கு ஒரு பட்டமும் வராத அந்தப் பெண்ணின் தியாகத்தால் எத்தனை லட்சம் பெண்கள் பிழைத்தார்கள் என்பதை நம் தாய்மார்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். 1941-ல் டிராட் என்பவரோடு சேர்ந்து ருசுக்களுடன் மறுபடியும் எழுதியபோதுதான் உலகம் ஒப்புக்கொண்டது. பின்பு 1945-ல் மார்ஷல் என்ற வைத்தியருடன் சேர்ந்து, அதே முறையை மூத்திரத்துக்கும் உபயோகிக்கலாம் என்று வெளியிட்டார்.

பரிசோதனை நடக்கும் விதம்

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. சிறுநீரை ஒரு சுத்தமான புட்டியில் பிடிக்கின்றார்கள். காலையில் எழுந்தவுடன் போகும் முதல் நீர் இதற்கு நல்லதல்ல. இராமுழுவதும் பையில் தேங்கிக் கிடந்ததால் அணுக்கள் ஊறி அழுகியிருக்கும். அதற்கடுத்து வரும் நீரைப் பிடித்து உடனே கொடுக்க வேண்டும். தாமதமானால் அணுக்கள் கெடாதபடி மருந்து சேர்க்க வேண்டும். ஒரே நாளோடு நிறுத்தாமல் மூன்று நாள் நீரைப் பார்ப்பது நல்லது. ஒருநாள் தவறியது இன்னொரு நாள் கிடைக்கும். அந்த நீரை வேகமாகச் சுழலும் யந்திரத்தில் வைத்துச் சுற்றினால் அணுக்கள் அடியில் வண்டலாகத் தங்கும். அந்த வண்டலைக் கண்ணாடித் துண்டில் தடவி, காய்வதற்கு முன் சாராயச் சத்தில் முக்கிச் சாயமேற்றுகின்றார்கள். அணுவின் நடுவிலுள்ள உட்கருவை நீலமாக்கும் சாயம், மத்திய அமெரிக்காவில் விளையும் ஒரு மரத்தின் வைரத்திலிருந்து எடுக்கப்படுவது. ஒரு சாயம் வியாதியைக் கொண்டுவந்தது. இன்னொரு சாயம் அதைக் காட்டிக்கொடுக்கின்றது. குற்றமோ குணமோ சாயத்தில் இல்லை, மனிதன் தெரிந்து நடக்கிறானா தெரியாமல் நடக்கிறானா என்பதில் இருக்கின்றது.

நல்ல அணுவில் உட்கரு சிறியதாயும் சுற்றியுள்ள சதைப்பாகம் பெரியதாயும் இருக்கும். கொடிய புற்றணுவில் உட்கருவே அணுவில் பத்தில் ஏழு பங்குக்குக் குறையாமல் அடைத்துக்கொண்டு, கறுத்து, ஓரம் கோணல்மாணலாக இருக்கும். சாதாரணமாகக் காணும் மூத்திரப்பைப் புற்று இப்படியிருக்கும்.

அபூர்வமான சிற்றணுப் புற்று

இனி, நாம் சொல்லவந்த அபூர்வ வகைக்கு வருவோம். அதற்குச் சிற்றணுப் புற்று என்று பெயர் சொல்லலாம். அது அதிகமாக நுரையீரலில் வருவது. மூத்திரப்பையில் வருவது மிகவும் அருமை. மூத்திரப்பைப் புற்றுக்காரர்கள் நூறு பேரை எடுத்தால் அதில் ஒருவருக்கு இருப்பதே அதிகம். 1981-ல்தான் கிராமர் என்பவரும் அவருடன் சேர்ந்தவர்களும், எலெக்ட்ரான் மைக்கிராஸ்கோப்பில் பார்த்து, நரம்புச் சுரப்பிகளின் அணுக்களில் இருப்பது போன்ற சிறு மணிகள் இந்தப் புற்றணுக்களுக்குள் இருப்பதை எடுத்துக்காட்டினார்கள்.

இதன் அணுக்கள் சிறுநீரில் எப்படித் தெரியும்? மற்றப் புற்றணுக்களைவிடச் சிறியவை. சுற்றியுள்ள சதைப்பாகம் இல்லையென்றே சொல்லலாம். உட்கருவே அணு முழுவதும். அந்த உட்கருவுக்குள் உப்பும் மிளகுத் தூளும் கலந்து தூவியது போன்ற பொடி. ஈரம் காயாத களிமண் உருண்டைகளைக் கூடையில் போட்டு அமுக்கினால் ஒன்றின் வடிவுக்கு மற்றொன்று வளைந்து கொடுக்குமல்லவா? அதுபோல் பக்கத்து அணுக்கள் ஒன்றையொன்று அழுத்தி ஒட்டிக்கிடக்கும். தொட்டால் நசுங்கி இழுபட்டுப் போகும். சுற்றிலும் செத்த அணுக்களின் குப்பை இருக்கும்.

இத்தனையும் பார்த்தாலும் நல்ல வைத்தியர் அதோடு முடிவு செய்துவிட மாட்டார். இரத்தத்தின் வெள்ளையணுக்களில் வரும் புற்றும் இதுபோலவே தோன்றலாம். பக்கத்திலுள்ள புராஸ்டேட் சுரப்பியிலிருந்தோ, தூரத்திலுள்ள நுரையீரலிலிருந்தோ பரவி வந்ததாகவும் இருக்கலாம். ஆகவே, சில விசேஷ மருந்துகளைத் தடவி, சினாப்டோபிசின், குரோமோகிரானின் என்ற சத்துக்கள் அணுவில் இருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். இருந்தால் சிற்றணுப் புற்று என்பது பலப்படும். நெஞ்சையும் படம்பிடித்துப் பார்க்கிறார்கள். பிறகு பைக்குள் குழாய் விட்டு, கட்டியிலிருந்து சதை எடுத்து உறுதி செய்துகொள்ளுகிறார்கள். சுமார் பாதிப் பேருக்கு இதோடு சாதாரணப் புற்றும் கலந்தே இருக்கின்றபடியால், ஒன்றைக் கண்டவுடன் மற்றொன்றைத் தேடாமல் விடுவதும் பிசகாகும்.

"எந்தப் புற்றாயிருந்தால் என்ன? எல்லாம் புற்றுதானே! இவ்வளவு நுணுக்கம் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். பதில் என்னவென்றால், பெயர் மாறினால் வைத்தியம் மாறுகின்றது. சாதாரணப் புற்று மேல்தோலோடு நின்றிருந்தால் சுரண்டி எடுத்துவிட்டுக் கவனித்து வரலாம். சிற்றணுப் புற்றோ வெகு வேகமாகப் பரவுவது. அனேகமாகக் கண்டுபிடிக்கும்போதே பையின் சதைக்குள் இறங்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியாமல் வேறு இடங்களுக்கும் போயிருக்கும். ஆகையால் கத்தியை மட்டும் நம்பினால் போதாது. முதலில் ஸிஸ்பிளாட்டின், எடோபோஸைட் போன்ற மருந்துகளை இரத்தத்தில் ஏற்றி, அதன்பிறகே பையை எடுப்பதோ, கதிர் வைத்தியம் செய்வதோ வழக்கமாயிருக்கின்றது. வகை தெரியாமல் வைத்தியம் ஆரம்பித்தால், வைத்தியம் நடந்துகொண்டிருக்கும்போதே வியாதி முந்திக்கொள்ளும். ஒரு துளி வண்டலில் ஒருவர் பார்த்துச் சொல்லும் ஒரு வார்த்தையில் ஒரு குடும்பத்தின் கதி அடங்கியிருக்கின்றது என்று நாம் சொல்லுவது இதனால்தான்.

பரிசோதனையையும் கண்மூடி நம்பக்கூடாது

இவ்வளவு சொன்ன நாம் இன்னொன்றும் சொல்லாவிட்டால் யோக்கியமாகாது. சாமியை விட்டுவிட்டு மைக்கிராஸ்கோப்பைச் சாமியாக்கிக்கொள்ளும்படி நாம் யாருக்கும் சொல்லவில்லை. இந்தப் பரிசோதனைக்கும் குறைகள் உண்டு. மெதுவாக வளரும் சாதுவான கட்டிகளின் அணுக்கள் நல்ல அணுக்களைப் போலவே இருக்கும், பரிசோதனையில் தப்பிவிடும். கல் இருந்தாலும், புண் இருந்தாலும், சிலவிதக் கிருமிகள் தொற்றியிருந்தாலும் நல்ல அணுக்களும் புற்றணுக்களைப் போல் வேஷம் போடும். ஆகவே, "நீரில் ஒன்றுமில்லை" என்று சீட்டு வந்துவிட்டால் வியாதியே இல்லையென்று அர்த்தமாகாது. இரத்தம் வந்தது வாஸ்தவமானால், பைக்குள் விளக்கோடு குழாய் விட்டுக் கண்ணால் பார்த்தே தீரவேண்டும். அந்தக் கருவியை நிட்ஸே என்ற ஜெர்மானியர் 1877-லேயே செய்து காட்டிவிட்டார். இன்று அது எவ்வளவோ திருந்தியிருக்கின்றது.

2016-ல் இந்தப் பரிசோதனையின் முடிவுகளை எப்படி எழுதவேண்டுமென்று பல தேசத்து நிபுணர்கள் சேர்ந்து ஓர் ஒழுங்கு செய்தார்கள். அதற்குப் பாரிஸ் முறை என்று பெயர். 2022-ல் அதைத் திருத்தியும் வெளியிட்டார்கள். அதில் "புற்று இல்லை", "புற்று உண்டு" என்ற இரண்டு மாத்திரம் இல்லை. "அணுக்கள் சரியாயில்லை", "சந்தேகத்துக்கு இடமிருக்கின்றது", "இந்த நீர் பார்ப்பதற்குப் போதாது" என்று எழுதுவதற்கும் தனித்தனி இடங்கள் உண்டு. எந்த ஜோசியனாவது, எந்தக் குறிகாரனாவது "எனக்குத் தெரியவில்லை" என்று சொல்லி நீங்கள் கேட்டதுண்டா? தெரியாததைத் தெரியாதென்று எழுதவும், நேற்று எழுதியதை இன்று திருத்தவும் இடம் வைத்திருப்பதுதான் அறிவு வழிக்கும் மற்ற வழிக்கும் உள்ள வித்தியாசம். அது குறைவல்ல; அதுவே அதன் பலம்.

நாம் செய்ய வேண்டியது

ஆகையால் தோழர்களே! நாம் உங்களைக் கேட்டுக்கொள்ளுவது அதிகமில்லை. சிறுநீரில் ஒரே ஒரு தடவை இரத்தம் கண்டாலும், வலி இல்லாவிட்டாலும், மறுநாளே நின்றுபோனாலும், வெட்கப்படாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லுங்கள். வலியில்லாத இரத்தம்தான் அதிகச் சந்தேகத்துக்குரியது என்பதை ஞாபகத்தில் வையுங்கள். உடனே புற்றுதான் என்று நடுங்கவும் வேண்டாம். கல்லினாலும் தொற்றினாலும் வருவது எத்தனையோ. இன்னதென்று தெரிந்துகொள்ளுவதற்குத்தான் போகச் சொல்லுகின்றோம். வீட்டிலுள்ள பெண்கள் சொன்னால் காதுகொடுத்துக் கேட்டு, கூட்டிக்கொண்டு போங்கள். சாயம், ரப்பர் முதலிய தொழில்களில் இருக்கிறவர்களும் இருந்தவர்களும் அதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். வேலையை விட்டு இருபது வருஷமானாலும் அந்த விஷத்தின் பலன் பிறகு தோன்றக்கூடும். பீடி, சுருட்டு, சிகரெட்டை இன்றைக்கே விட்டுவிடுங்கள். விட்ட நாளிலிருந்து ஆபத்து குறைய ஆரம்பிக்கும்.

"வந்ததை அனுபவித்துத்தான் தீரவேண்டும்" என்று சொல்லுகிறவர்கள், வீட்டில் தீப்பிடித்தால் அனுபவித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களா? தண்ணீர்க் குடத்தைத்தானே தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்? கூரைக்கு இருக்கும் மரியாதை உடம்புக்கு இருக்க வேண்டாமா?

நாம் சொன்னதை நாம் சொன்னோம் என்பதற்காக நம்ப வேண்டியதில்லை. வைத்தியம் தெரிந்தவர்களைக் கேளுங்கள். நீங்களே யோசித்துப் பாருங்கள். சரியென்று பட்டால் செய்யுங்கள். ஆனால் யோசித்து முடிவதற்குள் நாள் கடந்துபோகும்படி மாத்திரம் விட்டுவிடாதீர்கள்.